இருபது புழுவும் ஒரு துண்டு ரீப்பரும்

ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழி
வாயைத் திறந்துகொண்டு வரும் காத்து.
பூளவாடிக் காத்தாடிகள் சுத்தச் சுத்த
என் புழுமனை ஓடுகள்
பால்பல் மாதிரி ஆடும்.

போன வருசம் ஒன்பது ஓடு போச்சு.
ஓட்டில் ஒரு கோளாறும் இல்லை.
அடியில் இருந்த தென்னை ரீப்பரை
விரலால் குத்தினேன்,
நமுத்த முறுக்காய் உதிர்ந்தது.
உளுத்த மாவு மல்பெரித் தழைமேல் விழ
அதையும் சேர்த்துத்தான் தின்றன புழுக்கள்,
தலையைத் தூக்காமல்.

உடுமலை பல்லடம் ரோட்டு மரக்கடையில்
ஜாபர் சொன்னார்:
"மருந்தேத்துன பைன் இருக்குதுங்க அக்கா.
வண்டு தொடாது, செல்லு அண்டாது,
இருவது வருசத்துக்குப் பேச்சே இல்லீங்."
பச்சையாய் இருந்தது,
பாசி பிடித்த கிணற்றுப் படியின் பச்சை.

பூச்சியைக் கொல்லுமா என்று கேட்டேன்.
கொல்லுமுங்க என்றார் பெருமையாய்.
நான் வளர்க்கிறதும் பூச்சிதானுங்க என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை.
பையனைக் கூப்பிட்டு
ரெண்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒருக்கா
தக்காளிக்கு மருந்தடித்தார்கள்.
காத்து லேசாய் இந்தப் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.
கூடு கட்ட மூணு நாள் இருந்த புழுவெல்லாம்
பச்சைத் தண்ணி கக்கிச் சுருண்டு கிடந்தன.
கூடையில் வாரிக் குழிக்குள் கொட்டியவள் நான்.
எனக்கு இருபது வருசம் பெரிசில்லை,
இருபத்தைந்து நாள்தான் பெரிசு.

நடுவில் அறுத்துக் காட்டுங்க என்றேன்.
முதல் சட்டத்தில் பச்சை தோலோடு நின்றிருந்தது,
உள்ளே வெளுப்பு,
பாதி வெந்த மரவள்ளிக் கிழங்கு.
அடுத்ததில் நடு வரைக்கும் ஊறியிருந்தது.
ஒரு கண்ணை மூடி நெளிசல் பார்த்தேன்.
முடிச்சு விழுந்ததை ஒதுக்கினேன்.
தடவிவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்,
உப்புப் பூத்த மாதிரி பொடி ஒட்டுகிறதா என்று.
சாண் நீளத் துண்டு ஒன்றை மட்டும்
காசு கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
ஜாபர் சிரித்தார்.
துண்டு வாங்க வந்த முதல் ஆள் நானாம்.

ஒரு தட்டில் இருபது புழு, நடுவில் துண்டு.
இன்னொரு தட்டில் இருபது புழு, துண்டில்லாமல்.
ஒரே கிளைத் தழை. ஆறு நாள்.
துண்டு வைத்த தட்டில் மிஞ்சியது பதினெட்டு.
வைக்காத தட்டில் பதினேழு.
இந்தக் கணக்கை நான்
யாரிடம் கொண்டுபோய்ச் சொல்ல?

வாங்கினேன்.
ஒரு மாசம் சந்து விட்டு அடுக்கிக்
காத்தாடப் போட்டேன்.
மனைக்குள் அறுக்கக் கூடாது என்றேன்.
ஆறுச்சாமி முனகிக்கொண்டே
கிழக்கு வேலியோரம் தார்ப்பாய் விரித்து அறுத்தார்,
மூக்கில் துண்டு கட்டி.
டேப்பை நம்பாமல்
ரெண்டு ஓட்டைக் கோத்து வைத்து
இடைவெளி பிடித்தார்: பன்னெண்டரை அங்குலம்.
அறுத்த முனைக்கெல்லாம் மறுபடி மருந்து தொட்டு
நாகம் பூசிய ஆணிதான் அடித்தார்.
சாயங்காலம் கழிவுத் துண்டுகளைக் கேட்டார்,
வெந்நீர் அடுப்புக்காம்.
எரித்தால் புகையும் நஞ்சு என்றேன்.
"வெறகுக்குக்கூட மனசு வரலீங்களா?"
கூலியை எண்ணாமல் மடியில் செருகிப் போனவர்
அப்புறம் அந்த வழி வரவேயில்லை.

ஆடி வந்தது. ஓடு அசையவில்லை.
ராத்திரி தழை தின்னும் சத்தத்தில்
தூறலோ என்று எழுந்து மேலே பார்க்கிறேன்.
பச்சை மங்கி, தேன் நிறமாகி வருகிறது சட்டம்.
மூணு பேட்ச் கூடு தராசு ஏறிவிட்டது.

அந்தச் சாண் துண்டு மட்டும்
சன்னல் கட்டையில் கிடக்கிறது.
எதன்மேலும் ஏறிப் பார்க்கும் எறும்பு
அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.
நானும் தெரியாமல் தொட்டுவிட்டால்
சோப்புப் போட்டு ரெண்டு தரம் கை கழுவித்தான்
தழை பறிக்கப் போகிறேன்.